வாட்ச்மேனுக்கு இன்டர்வியூ உண்டு, ஜட்ஜுக்கு?

ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று ஒரு போர்டு தொங்கும். போகிறவர் ஆதார் ஜெராக்ஸ், போட்டோ, முன்னால் வேலை பார்த்த இடத்தின் சான்றிதழ் எல்லாம் கொண்டுபோக வேண்டும். சூப்பர்வைசர் நாலு கேள்வி கேட்பார். 'ஏம்ப்பா பழைய வேலையை விட்டே?' என்பது அதில் கட்டாயம் இருக்கும்.

அதே ஊர் கோர்ட்டில் உட்காரும் சிவில் ஜட்ஜ் எப்படி வருகிறார்? டி.என்.பி.எஸ்.சி. அறிவிப்பு வரும். விண்ணப்பம், எழுத்துத் தேர்வு, நேர்முகம், இட ஒதுக்கீடு எல்லாம் உண்டு. மார்க் பட்டியலில் சந்தேகம் என்றால் கேஸ் போடலாம்.

சரி, அந்த சிவில் ஜட்ஜ் எழுதிய தீர்ப்பைத் தூக்கிக் கடாசும் அதிகாரம் உள்ள ஹைகோர்ட் ஜட்ஜ் எப்படி வருகிறார்? விளம்பரம் இல்லை. விண்ணப்பம் இல்லை. தேர்வு இல்லை. 'எனக்கும் தகுதி இருக்கிறது, என்னையும் பாருங்கள்' என்று ஒரு வக்கீல் மனுப் போட ஜன்னல் இல்லை. ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியும் அடுத்த இரண்டு சீனியர் நீதிபதிகளும் ஒரு அறையில் பேசி பெயர்களை எழுதுகிறார்கள். அது மாநில அரசின் கருத்தோடும் உளவுத்துறை ரிப்போர்ட்டோடும் டெல்லிக்குப் போகிறது. அங்கே சுப்ரீம் கோர்ட் தலைமை நீதிபதியும் இரண்டு சீனியர்களும் இன்னொரு அறையில் பேசுகிறார்கள். பிறகு மத்திய அரசு. கடைசியில் ஜனாதிபதியின் கையெழுத்து. சுப்ரீம் கோர்ட் ஜட்ஜ் என்றால் அந்த அறையில் ஐந்து பேர். அதற்குப் பெயர் கொலீஜியம்.

இந்த வார்த்தையை அரசியல் சட்டத்தில் தேடாதீர்கள். கிடைக்காது.

'அது ஏதோ வக்கீல்கள் விவகாரம், எனக்கென்ன?' என்று பக்கத்தைப் புரட்டப் போகிறீர்களா? மற்ற ஊர்க்காரர்கள் புரட்டினால்கூட மன்னிக்கலாம். ஓசூர்க்காரர் புரட்டக்கூடாது. ஒரு ஜட்ஜின் கையெழுத்து வீட்டு வாசல்வரை வரும் என்பதை இந்த எல்லை ஊர் பார்த்த மாதிரி வேறு எந்த ஊர் பார்த்தது?

2014 செப்டம்பர் 27. ஜெயலலிதா மீதான சொத்துக் குவிப்பு வழக்கில் பெங்களூரு பரப்பன அக்ரஹாராவில் தீர்ப்பு. ஓசூரோடு பஸ் போக்குவரத்து நின்றது. அத்திப்பள்ளியில் தடுப்பு. அந்த வழக்கு 2003-ல் சென்னையிலிருந்து பெங்களூருக்கு மாற்றப்பட்டதே, சென்னையில் நியாயமான விசாரணை நடக்காது என்று சுப்ரீம் கோர்ட் கருதியதால்தான். 2013-ல் அந்தத் தனி நீதிமன்றத்தின் நீதிபதி பாலகிருஷ்ணா ஓய்வு பெற வேண்டிய நேரம் வந்தது. அவருக்குப் பதவி நீட்டிப்பு வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனவர் யார் தெரியுமா? குற்றம் சாட்டப்பட்ட ஜெயலலிதா. நீட்டிப்பு கிடைக்கவில்லை. ஜான் மைக்கேல் டி'குன்ஹா வந்தார், நான்கு ஆண்டு சிறை, 100 கோடி ரூபாய் அபராதம் என்று தீர்ப்பு எழுதினார். 2015 மே 11 அன்று கர்நாடக ஹைகோர்ட்டில் நீதிபதி குமாரசாமி விடுதலை செய்தார். கடன் தொகைகளைக் கூட்டியதில் பிழை என்று நாடே கால்குலேட்டரோடு உட்கார்ந்தது. 2017 பிப்ரவரி 14 அன்று சுப்ரீம் கோர்ட் டி'குன்ஹாவின் தீர்ப்பே சரி என்றது. அதே ஆவணங்கள், அதே சாட்சிகள். நாற்காலியில் ஆள் மாறியபோது முடிவும் மாறியது.

காவிரிக்கு வாருங்கள். 2016 செப்டம்பரில் தண்ணீர் திறக்கச் சொன்ன சுப்ரீம் கோர்ட் உத்தரவை அடுத்து பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. எல்லையில் வண்டி நின்று, ஜனங்கள் பையும் குழந்தையுமாக நடந்தே அந்தப்பக்கத்திலிருந்து இந்தப்பக்கம் வந்தார்கள். 2018 பிப்ரவரி 16 அன்று மூன்று நீதிபதிகள் தமிழ்நாட்டின் பங்கை 192 டி.எம்.சி.யிலிருந்து 177.25 டி.எம்.சி.யாகக் குறைத்தார்கள்.

இன்னொன்று. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் எருது விடும் விழா. 2006 மார்ச்சில் மதுரைக் கிளையில் ஒரே ஒரு நீதிபதி எழுதிய உத்தரவில்தான் ஜல்லிக்கட்டுத் தடைக் கதை தொடங்கியது. 2014-ல் சுப்ரீம் கோர்ட் தடை, 2017-ல் மெரினா, 2023-ல் ஐந்து நீதிபதிகள் அனுமதித்தது என்று பதினேழு வருஷம் ஓடியது. முதல் உத்தரவை எழுதிய நீதிபதியின் பெயர் ஆர். பானுமதி. அவர் கிருஷ்ணகிரிக்கு அந்நியர் அல்ல. அவரிடம் பிறகு வருகிறேன்.

ஆக, எம்.எல்.ஏ. யார், எம்.பி. யார் என்று வரிசையில் நின்று ஓட்டுப் போடுகிறோம். அவர்கள் போடும் சட்டத்தையே ரத்து செய்யக்கூடியவர் யார் என்பது நமக்குத் தெரியாமலே முடிவாகிறது. ஜட்ஜுக்கு ஓட்டுப் போட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது இன்னும் பெரிய ஆபத்து. கூட்டத்தின் கைதட்டலுக்காகத் தீர்ப்பு எழுதும் நீதிபதி யாருக்கும் வேண்டாம். ஆனால், ஏன் இவர், ஏன் அவர் இல்லை என்று கேட்கும் உரிமைகூடவா இல்லை?

'அரசியல்வாதிகள் கையில் கொடுத்தால் கெட்டுவிடும், அதனால்தான் நீதிபதிகளே பார்த்துக்கொள்கிறார்கள்' என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. அதில் பாதி உண்மை. அந்தப் பாதியை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அரசியல் சட்டம் சொல்வது, ஜனாதிபதி, அதாவது மத்திய அரசு, தலைமை நீதிபதியைக் கலந்து ஆலோசித்து நியமிக்கும் என்று. 'தலைமை நீதிபதியின் சம்மதம் கட்டாயம் என்று எழுதுங்கள்' என்று 1949-ல் அரசியல் நிர்ணய சபையில் சிலர் கேட்டபோது அம்பேத்கர் மறுத்தார். தலைமை நீதிபதியும் நம்மைப்போலக் குறைகளும் விருப்பு வெறுப்புகளும் உள்ள மனிதர்தான், அவர் கையில் வீட்டோ கொடுப்பது ஆபத்து என்பது அவர் வாதம்.

வீட்டோ இல்லாததை இந்திரா காந்தி அரசு எப்படிப் பயன்படுத்தியது? 1973 ஏப்ரலில் ஷெலாட், ஹெக்டே, குரோவர் என்று மூன்று சீனியர்களைத் தாண்டி ஏ.என். ரேயைத் தலைமை நீதிபதியாக்கியது. மூவரும் ராஜினாமா செய்தார்கள். 1976-ல், நெருக்கடி நிலையின்போது, உயிர் வாழும் உரிமைக்காகக்கூடக் குடிமகன் கோர்ட்டுக்குப் போக முடியாது என்று நான்கு நீதிபதிகள் சொன்னார்கள். எச்.ஆர். கன்னா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். 1977 ஜனவரியில் அவரைத் தாண்டி பெக் தலைமை நீதிபதியானார். கன்னாவும் வெளியேறினார்.

இந்தச் சூட்டைப் பட்ட பிறகுதான் 1993-ல் ஒன்பது நீதிபதிகள் உட்கார்ந்து, 'கலந்து ஆலோசிப்பது' என்றால் 'எங்கள் பேச்சே இறுதி' என்று பொருள் சொன்னார்கள். 1998-ல் அதை விரித்து, ஐந்து பேர் கொலீஜியம் என்றார்கள். தமிழ் வாத்தியாரிடம் போய் 'ஆலோசனை'க்கு 'சம்மதம்' என்று அர்த்தம் எழுதினால் மார்க் போடுவாரா? இவர்களுக்கு மார்க் போட மேலே ஆள் இல்லை. காரணம் நல்ல காரணம்தான். ஆனால், மாமியாருக்குப் பயந்து வீட்டைப் பூட்டி, சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொண்டதுபோல ஆகிவிட்டது.

அந்த மூடிய அறை நல்ல நீதிபதிகளைத் தரவே இல்லையா? தந்தது. நிறையவே தந்தது. ஆனால் தவறு செய்தபோது எப்படிச் செய்தது என்று பாருங்கள்.

2009. கர்நாடக ஹைகோர்ட்டின் தலைமை நீதிபதியாக இருந்தவர் பி.டி. தினகரன், தமிழ்நாட்டுக்காரர். கொலீஜியம் அவரை சுப்ரீம் கோர்ட்டுக்குப் பரிந்துரைத்தது. உடனே சென்னை வழக்கறிஞர்கள் சிலர், திருவள்ளூர் மாவட்டம் காவேரிராஜபுரத்தில் அவர் புறம்போக்கு நிலத்தை ஆக்கிரமித்திருக்கிறார் என்று புகார் கொடுத்தார்கள். அவர் மறுத்தார். கலெக்டர் அறிக்கை போனது. பரிந்துரை நின்றது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. சுப்ரீம் கோர்ட்டுக்கு அனுப்பத் தயங்கிய அதே நீதிபதியை சிக்கிம் ஹைகோர்ட்டுக்குத் தலைமை நீதிபதியாக அனுப்பினார்கள். டெல்லிக்கு ஆகாதவர் சிக்கிமுக்கு ஆவாரா? சிக்கிம் மக்கள் என்ன பாவம் செய்தார்கள்? ராஜ்யசபா அமைத்த விசாரணைக் குழு குற்றச்சாட்டுகளை வரையறுத்தது. விசாரணை முடியும் முன் 2011 ஜூலையில் அவர் ராஜினாமா செய்தார். குற்றம் உண்மையா பொய்யா என்று தெரியாமலே ஃபைல் மூடியது.

என் கேள்வி தினகரனைப் பற்றியதல்ல. அந்தக் கிராமத்தில் பேசப்பட்ட ஒரு விஷயம், டெல்லியில் ஐந்து பெரிய மனிதர்கள் உட்கார்ந்த அறைக்கு ஏன் போய்ச்சேரவில்லை? பெயரை முன்கூட்டியே வெளியிட்டு, 'ஆட்சேபம் உண்டா?' என்று ஒரு மாதம் கேட்டிருந்தால் போயிருக்கும். பொண்ணு பார்க்கப் போகிறவர்கள்கூட அந்தத் தெருவில் நாலு பேரிடம் விசாரிக்கிறார்கள் சார்!

சி.எஸ். கர்ணனை 2009-ல் சென்னை ஹைகோர்ட்டுக்குத் தேர்ந்தெடுத்ததும் இதே முறைதான். 2017 மே மாதம் அவருக்கு ஆறு மாத சிறைத் தண்டனை விதித்ததும் இதே நீதித்துறைதான். தேர்ந்தெடுத்தவர்கள் எதைப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள்? பதில் எந்தக் காகிதத்திலும் வெளியே வரவில்லை.

'கொலீஜியத்தை ஒழித்துவிட்டு அரசிடம் கொடுத்தால் சரியாகிவிடும்' என்று துள்ளுகிறவர்களுக்கும் கொஞ்சம் சரக்கு வைத்திருக்கிறேன்.

சென்னை வக்கீல் ஜான் சத்யனை 2022 பிப்ரவரியில் கொலீஜியம் பரிந்துரைத்தது. உளவுத்துறை ஆட்சேபம் சொன்னது. என்ன ஆட்சேபம்? பிரதமரை விமர்சித்த ஒரு கட்டுரையை அவர் பகிர்ந்தாராம். நீட் தேர்வால் 2017-ல் உயிரை விட்ட மாணவியைப் பற்றிப் பதிவு போட்டாராம். அதை வைத்துத் தகுதியைக் குறைக்க முடியாது என்று 2023 ஜனவரி 17 அன்று கொலீஜியம் மறுபடி பரிந்துரைத்தது. அன்றைக்குப் புதிதாகப் பரிந்துரைத்த மற்றவர்களுக்கு முன்னால் இவரை நியமிக்க வேண்டும் என்றும் சொன்னது. பிப்ரவரியில் அந்த மற்றவர்களில் பலர் பதவியேற்றார்கள். ஜான் சத்யன் வெளியே நின்றார்.

பதவியேற்றவர்களில் ஒருவர் விக்டோரியா கௌரி. பாஜக மகளிர் அணியில் பொறுப்பு வகித்தவர். சிறுபான்மையினரைப் பற்றி அவர் பேசியவற்றைக் காட்டி, சென்னை வழக்கறிஞர்கள் சிலர் சுப்ரீம் கோர்ட்டில் மனுப் போட்டார்கள். 2023 பிப்ரவரி 7 காலை டெல்லியில் அந்த மனுவை விசாரித்துக்கொண்டிருக்கும்போதே சென்னையில் அவர் உறுதிமொழி எடுத்து முடித்தார். மனு தள்ளுபடி.

ஒரு கட்சியில் இருந்தவர் ஜட்ஜ் ஆகக்கூடாது என்பது என் கட்சி அல்ல. வி.ஆர். கிருஷ்ணய்யர் கேரளத்தில் 1957-ல் கம்யூனிஸ்ட் தலைமையிலான அமைச்சரவையில் மந்திரியாக இருந்தவர். அப்புறம்தான் சுப்ரீம் கோர்ட்டில் ஏழைகளுக்காகக் கதவைத் திறந்துவைத்தார். என் கேள்வி, ஒருவருக்கு ஒரு கட்டுரையைப் பகிர்ந்தது குற்றம், இன்னொருவருக்கு மேடையில் பேசியது குற்றமில்லை என்றால், இந்தத் தராசை யார் பிடித்திருக்கிறார்கள்? இருவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, 'நீங்கள் பேசியது இது, நாளை அந்த மதத்துக்காரர் உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?' 'நீங்கள் பகிர்ந்தது இது, நாளை அந்த அரசு உங்கள் முன்னால் வந்து நின்றால் என்ன செய்வீர்கள்?' என்று நாம் பார்க்கக் கேட்டிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்?

ஒடிசா தலைமை நீதிபதியாக இருந்த எஸ். முரளிதரை சென்னைக்கு மாற்றச் சொல்லி 2022 செப்டம்பரில் கொலீஜியம் எழுதியது. மத்திய அரசு ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஏழு மாதம் கழித்து கொலீஜியமே திரும்பப் பெற்றுக்கொண்டது. இதுதான் இன்றைய நிலைமை. நீதிபதிகளிடம் இருப்பது ரகசியம். அரசிடம் இருப்பது கிடப்பு. மறுபடி பரிந்துரைத்தால் மூன்று நாலு வாரத்துக்குள் நியமிக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டே 2021 ஏப்ரலில் கெடு வைத்தது. ஓசூர்க்காரர் வாய்தாவுக்கு ஒருநாள் போகாவிட்டால் வாரண்ட் வருகிறது. கெடுவை மதிக்காத டெல்லிக்கு எந்த வாரண்டும் வருவதில்லை.

நாடாளுமன்றம் 2014-ல் ஒரு மாற்று கொண்டுவந்தது. தேசிய நீதித்துறை நியமன ஆணையம். தலைமை நீதிபதி, இரண்டு சீனியர் நீதிபதிகள், சட்ட அமைச்சர், இரண்டு பிரமுகர்கள். இரு அவைகளிலும் ஒரு ஓட்டுகூட எதிராக விழவில்லை. 2015 அக்டோபர் 16 அன்று சுப்ரீம் கோர்ட் நாலுக்கு ஒன்று என்ற கணக்கில் அதை ரத்து செய்தது. அந்த ஆணையத்தில் ஓட்டை இருந்தது உண்மை. ஆறு பேரில் எந்த இருவர் மறுத்தாலும் ஒரு பெயர் அவுட். சட்ட அமைச்சரும் அவருக்கு வேண்டிய ஒரு பிரமுகரும் சேர்ந்தால் யாரையும் தடுக்கலாம். ஓட்டையை அடைக்கச் சொல்லியிருக்கலாம். வீட்டையே இடித்தார்கள். இடித்த தீர்ப்பிலேயே, கொலீஜியத்தில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று நீதிபதி குரியன் ஜோசப் ஒப்புக்கொண்டார். மாறுபட்டுத் தீர்ப்பு எழுதிய செலமேஸ்வர், கூட்டத்தில் பேசுவதை எழுதிவையுங்கள் என்று கேட்டு, அதுவரை கூட்டத்துக்கு வரமாட்டேன் என்று 2016-ல் வெளியே நின்றார்.

2017 அக்டோபரிலிருந்து தீர்மானங்கள் வெளியாகின்றன என்பார்கள். வெளியாகின்றன. 2025 மே மாதம், நியமிக்கப்பட்டவர்களில் யார் யார் நீதிபதிகளின் உறவினர் என்ற விவரத்தைக்கூட சுப்ரீம் கோர்ட் வெளியிட்டது. பாராட்ட வேண்டியதுதான். ஆனால் அதே 2025 ஆகஸ்டில், ஒரு நியமனத்துக்கு, பெங்களூரிலிருந்து போன பி.வி. நாகரத்னா எதிர்ப்பு எழுதினார் என்று பத்திரிகையில் படித்தோம். கொலீஜியம் வெளியிட்ட அறிக்கையில் அந்த எதிர்ப்பு இல்லை. தீர்ப்பில் மாறுபட்டால் பக்கம் பக்கமாக அச்சாகிறது. நியமனத்தில் மாறுபட்டால் காதோடு காதாகத்தான் வர வேண்டுமா?

மூடிய அறை யாரைப் பார்க்கிறது? தனக்குத் தெரிந்தவரைத்தான் பார்க்கும். 2023 ஜூலையில் மத்திய அரசு நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. 2018 முதல் நியமிக்கப்பட்ட ஹைகோர்ட் நீதிபதிகள் 604 பேர். பொதுப்பிரிவு 458. பிற்படுத்தப்பட்டோர் 72. தாழ்த்தப்பட்டோர் 18. பழங்குடியினர் 9. சிறுபான்மையினர் 34. மீதி 13 பேருக்கு விவரம் இல்லை. இந்தியாவில் திறமை இந்தக் கணக்கில்தான் பிறக்கிறது என்று நம்புகிறீர்களா? நம்பினால் உங்களோடு எனக்குப் பேச்சில்லை.

இப்போது பானுமதிக்கு வருகிறேன். 1981-ல் வக்கீலாகப் பதிவுசெய்து திருப்பத்தூர், கிருஷ்ணகிரி, அரூர் கோர்ட்டுகளில் வழக்காடியவர். ரெண்டு வயதில் அப்பாவை பஸ் விபத்தில் இழந்தவர். நஷ்டஈட்டுக்கு அம்மா போட்ட வழக்கில் டிக்ரி கிடைத்தும், கோர்ட் நடைமுறைச் சிக்கலில் பணம் கைக்கு வரவில்லை என்று 2020-ல் ஓய்வு பெறும்போது அவரே சொன்னார். கிருஷ்ணகிரியில் கறுப்புக் கோட்டோடு நின்ற அந்தப் பெண், 2014-ல் சுப்ரீம் கோர்ட்டின் ஆறாவது பெண் நீதிபதியானார். 64 வருஷத்தில் ஆறாவது! 2019 நவம்பரில் கொலீஜியத்திலேயே உட்கார்ந்தார்.

அவர் எப்படி மேலே வந்தார்? 1988-ல் மாவட்ட நீதிபதி பதவிக்கு நேரடித் தேர்வு நடந்தது. அதில் தேறி வந்தார். அதாவது ஒரு அறிவிப்பு இருந்தது, ஒரு கதவு இருந்தது, கதவில் தட்ட அவருக்கு உரிமை இருந்தது. அந்தக் கதவு இல்லாமல், மெட்ராஸ் ஹைகோர்ட் வராந்தாவில் யாராவது பெரிய சீனியர் கண்ணில் படுவார் என்று மட்டும் காத்திருந்திருந்தால்? அரூர் கோர்ட்டில் யார் கண்ணில் பட்டிருப்பார்? அவருடைய எல்லாத் தீர்ப்பும் எனக்கு உடன்பாடா என்றால் இல்லை. எருது விடுகிறவர்களுக்கும் இருக்காது. ஆனால் அவர் வந்த வழி சரியான வழி. இன்றைக்கும் ஓசூரிலும் ஊத்தங்கரையிலும் தேன்கனிக்கோட்டையிலும் தொழிலாளர் வழக்கும் நில எடுப்பு வழக்கும் நடத்தி நடத்தித் தேர்ந்த வக்கீல்கள் இருக்கிறார்கள். சென்னை 300 கிலோமீட்டருக்கு அப்பால். அங்கே உள்ள மூன்று பேருக்கு இவர்கள் பெயர் எப்படித் தெரியும்?

வெளிநாட்டில் மட்டும் வாழ்கிறதா என்று கேட்காதீர்கள். வாழ்கிறது. நமக்கு இந்த நாடாளுமன்ற முறையையே கொடுத்த பிரிட்டனில் 2006-லிருந்து நியமன ஆணையம் இருக்கிறது. தலைவர் நீதிபதி அல்லாதவர். ஜட்ஜ் வேலைக்கு விளம்பரம் வருகிறது, விண்ணப்பம் போடுகிறார்கள். தென்னாப்பிரிக்காவில் நேர்முகத்தை ஊரே பார்க்கலாம். பக்கத்து இலங்கையில், 2013-ல் தலைமை நீதிபதி ஷிராணி பண்டாரநாயக்கவை ஆட்சியாளர்கள் பதவியிலிருந்து தூக்கியபோது, அரசு கையில் எல்லாம் இருந்தால் என்ன ஆகும் என்று பார்த்தோம். இன்று அங்கே அரசியலமைப்புப் பேரவையின் ஒப்புதல் இல்லாமல் உச்ச நீதிமன்ற நீதிபதியை நியமிக்க முடியாது. அதில் எதிர்க்கட்சித் தலைவரும் உண்டு, எம்.பி. அல்லாதவர்களும் உண்டு.

நமக்கு வேண்டியது சிக்கலான விஷயமே அல்ல. ஒரு ஆணையம். அதில் நீதிபதிகளே பெரும்பான்மை, ஆனால் நீதிபதிகள் மட்டும் அல்ல. அரசுக்கு ஒரு குரல், வீட்டோ கிடையாது. எதிர்க்கட்சிக்கும் ஒரு குரல். விண்ணப்பம் போட எந்த ஊர் வக்கீலுக்கும் உரிமை. பெயரை வெளியிட்டு ஆட்சேபம் கேட்க ஒரு மாதம். தேர்ந்ததற்கும் தள்ளியதற்கும் எழுத்தில் காரணம். அரசுக்கு மூன்று மாதக் கெடு, தாண்டினால் நியமனம் தானாகவே அமல்.

'பெரிய வக்கீல்கள் இன்டர்வியூவுக்கு வரமாட்டார்கள், கௌரவக் குறைச்சல்' என்று சொல்வார்கள். கோடிக்கணக்கான பேரின் தலையெழுத்தை எழுதப் போகிறவர் அரை மணி நேரம் கேள்விக்குப் பதில் சொல்வது கௌரவக் குறைச்சல் என்றால், அவர் வீட்டிலேயே இருக்கட்டும். வாட்ச்மேன் வேலைக்கு வருகிறவருக்கு இல்லாத கௌரவமா இவருக்கு?

அடுத்த தேர்தலில் உங்கள் எம்.பி. ஓட்டுக் கேட்டு ராயக்கோட்டை ரோட்டில் வருவார். குடிநீர், ரயில், மேம்பாலம் எல்லாம் கேளுங்கள். கூடவே இதையும் கேளுங்கள். 2014-ல் எதிர்ப்பில்லாமல் கை தூக்கத் தெரிந்த உங்கள் சபைக்கு, 2015-ல் கோர்ட் ரத்து செய்த பிறகு, ஓட்டையை அடைத்து இன்னொரு சட்டம் கொண்டுவர ஏன் கை வரவில்லை? பதில் சொல்ல அவர் திணறினால், காரணம் உங்களுக்கே புரியும். ஒரு தரப்புக்கு ரகசியம் சௌகரியம், இன்னொரு தரப்புக்குக் கிடப்பு சௌகரியம். வழக்கு நடத்துகிற உங்களுக்கு மட்டும்தான் இரண்டும் அசௌகரியம். கேட்க வேண்டியவரும் நீங்கள்தான்.